இறக்கம் சொல்லாதவள்

தயாளினி இறங்க வேண்டிய இடம் ஜெயபுரம் சந்தி. ஆனால் அந்தச் சந்தியில் இறங்கிய நாட்களைவிட அதைத் தாண்டிப் போய் இறங்கிய நாட்கள்தான் அவளுக்கு அதிகம்.

பஸ்ஸில் இறங்குவதென்றால் "இறக்கம்" என்று சத்தம் கொடுக்க வேண்டும். மணி இருந்தாலும் அடிக்காது. கொண்டக்டர் முன்வாசலில் தொங்கிக்கொண்டு யாருடனாவது கதைத்துக்கொண்டு நிற்பான். பாட்டு ஒரு பக்கம், இரைச்சல் ஒரு பக்கம். அதற்கு மேலால் அந்த ஒரு சொல்லைத் தூக்கி எறிய வேண்டும். சின்னப் பிள்ளைகளும் எறிவார்கள். தயாளினிக்கு முப்பத்து மூன்று வயதாகியும் அது வாயை விட்டு வெளியே வரவில்லை.

அவள் எழுந்து வாசலடிக்குப் போய் நிற்பாள். வேறு யாராவது சந்தியில் இறங்கினால் அவர்களோடு சேர்ந்து இறங்குவாள். ஒருவரும் இல்லாவிட்டால் பஸ் போகும். அவளும் போவாள். அடுத்த தரிப்பில் யாரோ ஒருவருடைய இறக்கத்தில் இறங்கி, வந்த வழியே நடந்து வருவாள்.

"இண்டைக்கு எவ்வளவு தூரம்?" என்று கேட்பான் அவளுடைய கணவன் விஜிதரன். மாசி மாதம் உழவு மெசினிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டவன். கால் போனாலும் வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

"பாலத்தடி மட்டும்."

"அப்ப ஒரு மைல். நல்லது, என்ர பங்கையும் சேர்த்து நீயே நட."

அவளுடைய தாயும் தகப்பனும் எழுபத்தேழுக் கலவரத்தோடு மலையகத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். வீட்டில் "வாங்க, சாப்பிடுங்க" என்ற பேச்சு. பள்ளிக்கூடத்தில் "வாங்கோ, சாப்பிடுங்கோ." முதலாம் வகுப்பில் முதல் கிழமையே அவள் எழுந்து, "டீச்சர், தண்ணி குடிச்சிட்டு வரட்டுங்களா?" என்று கேட்டாள். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அதன் பிறகு ஐந்து வருடம் அவளுக்குப் பெயர் "வரட்டுங்களா." எந்தச் சொல்லுக்குச் சிரிப்பார்கள், எந்தச் சொல்லுக்குச் சிரிக்கமாட்டார்கள் என்று பிரித்துப் பார்த்துக் கதைக்க அவளுக்குத் தெரியவில்லை. கதைக்காமல் இருப்பது சுலபமாக இருந்தது.

காலையில் வரவு இடாப்புக் கூப்பிடும்போது அவள் "பிரசன்ட்" என்று சொல்வது அவளுக்கே கேட்காது. ஆசிரியை நிமிர்ந்து பார்த்தால் அன்றைக்கு அவள் வந்தவள். குனிந்தபடியே எழுதினால் வராதவள். ஆறாம் வகுப்பு முடிவில், இடாப்பின்படி, அவள் வருடத்தில் அரைவாசி நாள் பள்ளிக்கூடப் பக்கமே வரவில்லை. அதிபர் தகப்பனைக் கூப்பிட்டுக் காட்டினார். எழுத்தில் இருப்பதைத் தகப்பன் நம்பினார். எங்கே களவாகச் சுற்றித் திரிந்தாய் என்று பூவரசந் தடியால் அடித்தார். நான் ஒவ்வொரு நாளும் போனேன் என்று ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. அடுத்த வருடம் போகவுமில்லை.

கதைக்காத நேரமெல்லாம் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். யாருடைய கால் எங்கே நிற்கிறது, யாருடைய கை எதைத் தேடுகிறது என்பதெல்லாம் அவளுக்கு மற்றவர்களைவிட ஒரு கணம் முந்தித் தெரிந்துவிடும். அந்தக் குணத்துக்கும் ஒரு வேலை இருந்தது என்பது இந்த வருட ஓகஸ்ட் விடுமுறையில்தான் தெரிந்தது.

கிளிநொச்சியில் ஒரு மைதானத்தில் பத்து நாள் கார்னிவேல் போட்டார்கள். அதில் சின்னப் பிள்ளைகளுக்கென்று ஒரு குதிரை ராட்டினம். வட்டமான தகரத் தட்டு, அதன்மேல் பன்னிரண்டு மரக் குதிரைகள், ஒவ்வொரு குதிரையின் கழுத்தடியிலும் பிடிக்க ஒரு கம்பி. தட்டுக்குக் கீழே சின்ன இரும்புச் சில்லுகள், நிலத்தில் பதித்த இரும்பு வளையத்தின்மேல் ஓடும். வெளியே ஒரு பக்கத்தில் பழைய லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று பெல்ட் போட்டு அதை இழுத்துச் சுற்றும். நெல்வயலில் ஓடி முடிந்த இயந்திரம். பெல்ட்டைத் தளர்த்தினால் ராட்டினம் மெதுவாகும். பிரேக்கை முழுக்க மிதித்தால் இயந்திரமே நின்றுவிடும். நின்றால் அதை மறுபடி கைபோட்டுச் சுழற்றி உயிர்ப்பிக்க இரண்டு ஆளும் கால் மணித்தியாலமும் வேண்டும். ஆகவே முதலாளியின் கட்டளை இது: "ஸ்லோ பண்ணு. நிப்பாட்டாதை." பிள்ளைகள் ஏறுவதும் இறங்குவதும் ஓட ஓடத்தான்.

ஓடுகிற குதிரையில் இரண்டு வயது, மூன்று வயதுப் பிள்ளையைத் தூக்கி வைக்க ஒரு பெண் தேவைப்பட்டது. முதலாளி அவளிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான். "பிள்ளையளைப் பேசாமல், கத்தாமல் தூக்குவியோ?"

தயாளினி தலையை ஆட்டினாள். கத்தாமல் இருப்பதைத் தகுதியாகக் கேட்ட ஒரே வேலை அவளுடைய வாழ்நாளில் அதுதான். பின்னேரம் மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை சின்னப் பிள்ளைகளின் நேரம். ஆறு பத்துக்கு முழங்காவில் பஸ். எல்லாம் பொருந்தி வந்தது.

முதல் நாளே அவள் தனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டாள். தூக்குவதற்கு முதல் பிள்ளையின் கைகள் இரண்டையும் வெறுங்கையாக்குவாள். பலூன், டொபி, விளையாட்டுக் கார் எல்லாம் தாயிடம் போகும். செருப்பைக் கழற்றுவாள். கழன்று விழும் செருப்பைப் பிடிக்கப் பிள்ளை குனியும், குனிந்தால் விழும். சட்டையின் பின்கட்டு நாடாவை உள்ளே செருகுவாள். துணி என்றால் அவளுக்குப் பயம். பிறகு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ராட்டினம் போகிற பக்கமாகவே, அதே வேகத்தில், நாலு அடி நடப்பாள். குதிரையும் அவளும் ஒரே நடைக்கு வந்ததும், முதலில் பிள்ளையின் பின்புறம், பிறகு கால், கடைசியாகக் கை. "பிடி" என்று காதுக்குள் சொல்வாள். சின்ன விரல்கள் கம்பியில் இறுகி நகம் வெளிறிய பிறகுதான் தன் கையை எடுப்பாள். அழுகிற பிள்ளையென்றால் எடுக்கவே மாட்டாள். முதுகில் கையை வைத்தபடி கூடவே சுற்றுக்குச் சுற்று நடப்பாள். ஒரு சுற்று இருபத்தாறு அடி. இரவு பாயில் சரிந்தால் கூரை இடமிருந்து வலமாகச் சுற்றும்.

இயந்திரத்தைப் பார்ப்பவர் சோமே அண்ணை. மதவாச்சிப் பக்கத்துச் சிங்களவர், அறுபது வயதிருக்கும். வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுக்குப் பல வருடம் தனியார் பஸ் ஓட்டியவர். பார்வை குறைந்ததும் அந்த வேலை போய்விட்டது. உட்காருவதற்குப் பழைய பஸ் இருக்கை ஒன்றை வைத்திருந்தார். ராட்டினத்தின் பிரேக்கும் ஒரு பழைய பஸ்ஸிலிருந்து கழற்றிப் பொருத்திய பெடல்தான். அவருக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் பஸ் தமிழ். குதிரையில் ஏறும் பிள்ளைகளைப் பார்த்து, "உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்குப் போங்கோ, பின்னால இடம் இருக்கு!" என்பார். தாய்மார் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். தயாளினியை "நங்கி" என்று கூப்பிடுவார். சிங்களத்தில் தங்கச்சி.

இருவருக்கும் இடையில் கதை தேவைப்படவில்லை. அவள் வலது கையை உயர்த்தினால், ஏற்றியாயிற்று, வேகத்தைக் கூட்டலாம். இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்கே பிடித்தால், நிறுத்து. இரண்டாவது சைகைக்கு ஒரு நாளும் வேலை வரவில்லை.

முதல் நாள் ஒரு சங்கடம் நடந்தது. குதிரையில் வைத்த ஒரு பெடியன், "அப்பா! அப்பா!" என்று வீரிட்டு அழுதான். சோமே அண்ணை பதறிப்போய்ப் பிரேக்கை மிதித்துவிட்டார். சிங்களத்தில் "எப்பா" என்றால் வேண்டாம். பிள்ளை வேண்டாம், வேண்டாம் என்று கத்துகிறது என்று அவர் நினைத்திருக்கிறார். இயந்திரம் நின்றுபோனது. அதை மறுபடி எடுக்க அரை மணித்தியாலம். முதலாளி எல்லோருக்கும் முன்னால் அவரை வாய்க்கு வந்தபடி பேசினார். தயாளினிக்குப் பாவமாக இருந்தது. கூட்டம் கலைந்ததும் அவரிடம் போய், மேலுதட்டில் விரலால் மீசை வரைந்து காட்டி, வேலியோரம் நின்ற அந்தப் பெடியனின் தகப்பனைச் சுட்டி, "அப்பா" என்றாள். அவருக்கு விளங்கியது. நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகு எந்தப் பிள்ளை அப்பா என்று அலறினாலும், "வாறது, அப்பா வாறது!" என்று கையை ஆட்டிக்கொண்டு பெல்ட்டை இறுக்குவார்.

அந்தச் சொல்லுக்கு நிறுத்தத் தேவையில்லை என்று அவருக்குப் படிப்பித்தவள் தயாளினிதான்.

ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சனம் நெரிந்தது. ஐந்து மணியளவில் நிசாந்தினி என்ற இளம் தாய் ஒருத்தி மோட்டார் சைக்கிளில் வந்தாள். அக்கராயனிலிருந்து தனியாக ஓட்டி வந்திருந்தாள். இரண்டரை வயது மகளைத் தன் இடுப்போடு சேர்த்து மஞ்சள் சால்வையால் கட்டிக்கொண்டு வந்தாள். அந்தப் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் வருவார்கள். பள்ளம் திட்டியில் பிள்ளை தூங்கி விழாமல் இருக்க அதைவிட வேறு வழி கிடையாது. வேலியடியில் வந்து நின்று சால்வையை அவிழ்த்துத் தோளில் போட்டாள். மற்றக் கையில் போன். போனுக்குள் பிள்ளையின் தகப்பன், கட்டாரிலிருந்து.

"குஞ்சு குதிரையில ஏறப் போறா. அப்பாவுக்கு டாட்டா காட்டுங்கோ பாப்பம்."

பிள்ளை போனைப் பார்த்தது, குதிரையைப் பார்த்தது, தயாளினியின் கழுத்தை இறுகக் கட்டிக்கொண்டது. தயாளினி அதை அவசரப்படுத்தவில்லை. இடுப்பில் வைத்தபடி இரண்டு சுற்று நடந்தாள். மூன்றாம் சுற்றில் விரல்கள் தளர்ந்தன. குதிரையில் வைத்தாள். கம்பியைப் பிடித்தது. நகம் வெளிறியது.

நிசாந்தினிக்கு மனம் கேட்கவில்லை. கூடவே நடந்து வந்தாள்.

"அக்கா, பயமாக் கிடக்கு. சால்வையால ஒருக்காக் கட்டிவிடட்டோ?"

தயாளினி தலையை ஆட்டினாள். வேண்டாம் என்றுதான் ஆட்டினாள். துணி வேண்டாம், கீழே சில்லு இருக்கிறது என்று சொல்ல வாயும் திறந்தது. அதற்குள் அடுத்த பிள்ளையை ஒரு தகப்பன் அவள் கையில் திணித்தார். "கெதியாப் பிள்ளை, கெதியா, நாங்கள் எவ்வளவு நேரம் நிக்கிறது?" அந்தப் பிள்ளையின் கையில் கரும்புத் துண்டு இருந்தது. அதை வாங்க வேண்டும். செருப்பைக் கழற்ற வேண்டும். தயாளினி திரும்பிவிட்டாள்.

இன்னும் இரண்டு பிள்ளைகளை ஏற்றினாள். வலது கையை உயர்த்தினாள். சோமே அண்ணை பெல்ட்டை இறுக்கினார். ராட்டினம் வேகமெடுத்தது.

நிசாந்தினியின் மகள் இருந்த குதிரை அரைச் சுற்று சுற்றி அவளுக்கு முன்னால் வந்தபோதுதான் மஞ்சள் நிறம் கண்ணில் பட்டது. பிள்ளையின் நெஞ்சையும் கம்பியையும் சேர்த்து மூன்று சுற்று, பின்னால் முடிச்சு. மோட்டார் சைக்கிளுக்குக் கட்டிப் பழகிய கை, உறுதியாகத்தான் கட்டியிருந்தது. முடிச்சுப் போக மிஞ்சிய துணி நீளமாகத் தொங்கித் தட்டின் விளிம்பைத் தாண்டி நிலத்தில் இழுபட்டுக்கொண்டு போனது. தயாளினி ஓடினாள். அவள் போய்ச் சேர முதல் அந்த நுனி சில்லுக்குள் போய்விட்டது.

சால்வை ஒரு முறை விடைத்தது. பிள்ளை முதுகு நிமிர்ந்து கம்பியோடு ஒட்டிக்கொண்டது.

மோட்டார் சைக்கிள் சில்லில் சேலை போய் மாட்டுவதை வன்னியில் காணாதவர்கள் இல்லை. அதில் என்ன நடக்கும் என்பதும் தெரியும். இந்தச் சில்லு சின்னது, அதன் காப்புத் தகடு நெளிந்திருந்தது. துணி ஒரேயடியாகப் போகவில்லை. ஓடும்போது ஒரு சாண், பிறகு சறுக்கும், பிறகு இன்னும் ஒரு சாண். தயாளினி முடிச்சைப் பிடித்து அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு இரும்பாகியிருந்தது. சில்லுப் பக்கமிருந்து துணியை இழுத்துப் பார்த்தாள். அது அவளுடைய கையையும் சேர்த்து இழுத்தது. வேறு ஒன்றும் தோன்றவில்லை. தன் இடது முழங்கையைப் பிள்ளையின் நெஞ்சுக்கும் சால்வைக்கும் இடையில் நுழைத்தாள். அடுத்த சாண் இறுகியபோது அந்த இறுக்கம் அவளுடைய எலும்பில் விழுந்தது.

இப்போது அவளுடைய கையும் குதிரையோடு கட்டுண்டுவிட்டது. ராட்டினம் போகிற வேகத்துக்கு அவள் ஓடியே ஆகவேண்டும். விழுந்தால் அவளுடைய பாரமும் சேர்ந்து பிள்ளையைத்தான் இறுக்கும். வலது கையால் குதிரையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். ஒரு செருப்பு கழன்று போனது.

கையால் காட்ட வழியில்லை. இடது கை உள்ளே. வலது கையை மட்டும் தூக்கினால் சோமே அண்ணைக்கு அதன் அர்த்தம் வேறு. இன்னும் வேகம்.

வேலியோரம் சனம் சிரித்தது. அழுகிற பிள்ளைகளோடு அவள் கூட நடப்பதை ஆறு நாளாகப் பார்த்தவர்கள். இன்றைக்கு ஓடுகிறாள், அவ்வளவுதான். யாரோ தாளம் போட்டுக் கை தட்டினார்கள். நிசாந்தினி போனைத் தூக்கிப் பிடித்தபடி, "பாருங்கோ அப்பா, அன்ரியும் சேர்ந்து ஓடுறா! குஞ்சு, இஞ்ச பாருங்கோ! இஞ்ச!" என்றாள்.

தயாளினி அவளைப் பார்த்து வாயைத் திறந்தாள். "நிப்பாட்டுங்க." அது வீட்டுப் பேச்சு, வீட்டுக்குள் கேட்கிற அளவு சத்தம். ஒலிபெருக்கிப் பாட்டு அதை விழுங்கிவிட்டது. ராட்டினம் சுற்ற, நிசாந்தினி சிரித்துக்கொண்டே பின்னால் போய்விட்டாள்.

சோமே அண்ணையின் பக்கம் வந்தது. எட்டினால் தொடலாம் போலத் தூரம். "நிப்பாட்டுங்க... நிப்பாட்டுங்க..." அந்தப் பேச்சு அவருடைய காதுக்குப் பழக்கமில்லை. இயந்திரத்தின் டக்கு டக்கில் அது அவரிடம் போனதோ தெரியவில்லை. அவர் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சிரித்தார். குதிரை அவரைத் தாண்டிப் போனது.

பிள்ளை முதலில் அழுதுகொண்டிருந்தது. "அப்பா, அப்பா" என்றுதான் அழுதது. இப்போது அழவில்லை. தயாளினி திரும்பிப் பார்த்தாள். வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை. உதட்டைச் சுற்றி நீலம். ஆறு நாளும் அழுகிற பிள்ளைகளைக் கண்டு அவள் பயந்ததில்லை. அழுகிற பிள்ளைக்கு மூச்சு இருக்கிறது. இதுதான் பயம். முழங்கையை இன்னும் வெளியே தள்ளினாள். எலும்புக்குள் ஏதோ நெரிந்தது. பிள்ளையின் நெஞ்சு அரை விரல் அளவு எழும்பி விழுந்தது. அந்த அரை விரலை விட்டுவிடக் கூடாது என்பதைத் தவிர அவளுக்கு உலகத்தில் வேறொன்றும் இருக்கவில்லை.

மறுபடி சோமே அண்ணை. இந்த முறை அவளுடைய தொண்டை திறந்தது. ஆனால் வந்தது அவள் நினைத்த சொல் அல்ல. பயத்தில் எல்லோருக்கும் வருவதுதான் வந்தது.

"ஐயோ அப்பா!"

அவருக்குக் கேட்டது. கையைத் தூக்கி ஆட்டினார். "வாறது! அப்பா வாறது!"

குதிரை தாண்டிப் போனது. அவளே சொல்லிக் கொடுத்த பாடம். அழவேண்டும் போல வந்தது, அழ மூச்சு இல்லை. எத்தனை சுற்று என்று தெரியவில்லை. கால் இரண்டு தரம் மடங்கியது. எழுந்து ஓடினாள். யாராவது சொல்லட்டும், யாராவது ஒருவர் பார்த்துவிட்டுச் சத்தம் கொடுக்கட்டும், அவர்களோடு சேர்ந்து நானும் இறங்கிவிடுகிறேன் என்று மனம் கெஞ்சியது. வாழ்நாள் முழுக்க வாசலடியில் நின்று கெஞ்சிய அதே கெஞ்சல். ஒருவரும் சொல்லவில்லை. இந்தத் தரிப்பில் இறங்க அவளையும் அந்தப் பிள்ளையையும் தவிர வேறு ஆள் இல்லை.

வளைவு திரும்ப, முதலில் சோமே அண்ணையின் கால் தெரிந்தது. பஸ் பெடலுக்கு மேலே, வெறுங்கால், சும்மா ஆடிக்கொண்டிருந்தது.

"இறக்கம்!"

அது யாருடைய குரல் என்று அவளுக்கே தெரியவில்லை. தொண்டை கிழிந்து வந்தது. "இறக்கம்! இறக்கம்! இறக்க...ம்!"

பிறகு சோமே அண்ணை சொன்னார், அவர் ஒன்றும் யோசிக்கவில்லையாம். கால் தானாகப் போனதாம். அத்தனை வருடம் அந்தச் சொல்லுக்கு மிதித்த கால்.

ராட்டினம் கிறீச்சிட்டு நின்றது. இயந்திரம் இரண்டு தரம் இருமிச் செத்தது. பன்னிரண்டு குதிரையிலும் பிள்ளைகள் முன்னால் சரிந்து நிமிர்ந்தார்கள். தயாளினி குதிரையோடு தொங்கிக்கொண்டிருந்தாள். சோமே அண்ணை ஓடி வந்தார். சால்வையைக் கண்டதும் சிங்களத்தில் எதையோ கத்திக்கொண்டு, இடுப்பிலிருந்த பேனாக்கத்தியை எடுத்து, கம்பிக்கும் முடிச்சுக்கும் இடையில் விட்டு அறுத்தார். மூன்றாவது இழுப்பில் துணி விட்டது.

பிள்ளை மூச்சை உள்ளே இழுத்தது. அந்தச் சத்தம் தகரத்தை இழுப்பது போல இருந்தது. அடுத்த கணம் மைதானமே திரும்பிப் பார்க்க அழுதது. தயாளினி அந்த அழுகையைக் கேட்டபடி தட்டின் விளிம்பில் குந்தினாள்.

நிசாந்தினி பிள்ளையைப் பறித்துக்கொண்டாள். "என்ன விளையாட்டு விளையாடினனீங்கள்? ஆ? என்ன விளையாட்டு?" என்று கத்தினாள். பிறகு சில்லுக்குள் கசங்கிக் கறுத்துக் கிடந்த தன் சால்வையைப் பார்த்தாள். பிள்ளையின் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். நெஞ்சுக்குக் குறுக்கே சிவந்த கோடு. தயாளினியின் முழங்கையில் அதே கோடு, ஊதா நிறத்தில், ஒரு விரல் ஆழத்துக்குப் பள்ளமாக. போன் நிலத்தில் கிடந்து, "என்ன சத்தம்? நிசா, என்ன? ஆராவது சொல்லுங்கோவன்!" என்று கேட்டுக்கொண்டிருந்தது.

"நான் கேட்டனான்தானே அக்கா," என்றாள் நிசாந்தினி. இப்போது குரல் ஒடிந்திருந்தது. "கட்டட்டோ எண்டு கேட்டனான். நீங்கள் தலையை ஆட்டினனீங்கள்."

"இல்லைன்னுதாங்க ஆட்டுனேன்," என்றாள் தயாளினி.

ஒருவரும் சிரிக்கவில்லை. நிசாந்தினி மண்ணில் அப்படியே இருந்துவிட்டாள். பிள்ளையை மடியில் அழுத்திக்கொண்டு, தயாளினியின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை. பிள்ளையைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டச் சொல்லி யாரோ ஓட்டோ பிடித்து வந்த பிறகுதான் விட்டாள்.

முதலாளி வந்தார். முதலில் இயந்திரத்தைத்தான் பார்த்தார். "ஆர் நிப்பாட்டினது?" சோமே அண்ணை தயாளினியின் கையைத் தூக்கிக் காட்டினார். முதலாளி அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினார். வேலியோரம் இருபது முப்பது போன்கள் நீண்டிருந்தன. அவர் குரலைத் தாழ்த்தி, "சரி, சரி. ஆளைப் போட்டுக் கையால தள்ளுங்கோ. கியூவை முடிச்சு அனுப்புவம். பிறகு மெசினை எடுத்தால் பழையபடி ஓடட்டும்" என்றார்.

பழையபடி. தயாளினி எழுந்து நின்றாள். "நிண்டாத்தான் ஏத்துவன்" என்றாள்.

"என்ன?"

அவள் மறுபடி சொன்னாள். உதடு அசைந்தது, காற்று மட்டும் வந்தது. குரல் போய்விட்டிருந்தது.

"என்ன சொல்லுறாய், விளங்கேல்லை."

சோமே அண்ணை அவளுடைய முகத்தைப் பார்த்தார். அவருக்கு அந்த வசனம் தெரியாது. ஆனால் என்ன வசனமாக இருக்கும் என்று விளங்கியிருக்க வேண்டும். "மொதலாளி," என்றார். "பஸ் நிக்க வேணும். நிண்டா ஏறுங்கோ. ஓடினா ஏற வேண்டாம்."

முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீ வீட்டை போ பிள்ளை," என்றார் அவளிடம். "கையைக் காட்டு. நாளைக்கு நான் வேற ஆளைப் பாக்கிறன்."

தயாளினி போகவில்லை. நாளைக்கு மூன்று மணிக்கு இந்த இடத்தில் வேறு யாரோ ஒரு பெண் நிற்பாள். யாரோ ஒரு தாய் சால்வையோடு வருவாள், கட்டட்டோ என்று கேட்பாள். அந்தப் பெண்ணுக்குச் செருப்பைப் பற்றித் தெரியாது, டொபியைப் பற்றித் தெரியாது, சில்லைப் பற்றித் தெரியாது. சொல்வதற்கு அவளிடம் எவ்வளவோ இருந்தது. இவ்வளவு கதை தன்னிடம் இருக்கிறது என்று அவள் நினைத்ததே இல்லை. சொல்லக் குரல் இல்லை.

குனிந்து சில்லுக்குள் கையை விட்டு மஞ்சள் துணியை உருவினாள். ஒரு முழம் கிழிந்து வந்தது. எண்ணெயும் மண்ணும் பூசிக் கிடந்தது. அதைக் கொண்டுபோய் பிரேக் பெடலுக்கு மேலே, சோமே அண்ணையின் கண்ணுக்கு நேரே இருந்த இரும்புச் சட்டத்தில் கட்டினாள். ஒரு கையாலும் பல்லாலும் கட்டினாள். அவர் நுனியைப் பிடித்துக் கொடுத்தார். முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.

"நங்கி," என்றார். பிறகு சிங்களத்தில் நீளமாக ஏதோ சொன்னார். அவளுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. கடைசிச் சொல் மட்டும் தமிழ். "இறக்கம்" என்று சொல்லித் தன் காலைத் தட்டிக் காட்டினார்.

ஆறு பத்து பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தது. கையை மடியில் வைத்துக்கொண்டு யன்னலோரம் இருந்தாள். முழங்கை வீங்கி அவளுடையது இல்லாதது போலக் கனத்தது. அக்கராயன் தாண்ட வயல்வெளியில் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. யாரோ இரண்டு பேர் கார்னிவேலில் நடந்ததைக் கதைத்தார்கள். "ஒரு பொம்பிளை கத்தின கத்தாம், ரோட்டு மட்டும் கேட்டதாம்." "ஆராம் அது?" "ஆருக்குத் தெரியும்."

சந்திக்கு முந்திய வளைவில் எழுந்து வாசலடிக்குப் போனாள். இறங்க வேறு ஒருவரும் எழும்பவில்லை. அவள் வாயைத் திறந்தாள். கூச்சம் வரவில்லை. சொல்லும் தயாராக நின்றது. தொண்டையிலிருந்து வெறும் காற்றுத்தான் வந்தது. இன்னொரு தரம். காற்று. சந்தி பின்னால் போனது.

பாலத்தடியில் ஒரு கிழவர் இறக்கம் சொன்னார். அவளும் இறங்கினாள். "ஏனக்கா, சந்தியில இறங்கிறனீங்கள்தானே, வாய் இல்லையோ?" என்றான் கொண்டக்டர், சில்லறைப் பையை ஆட்டியபடி. பஸ் போன பிறகு அவள் ஒற்றைச் செருப்போடு றோட்டோரமாக நடந்தாள். ஒரு மைல்.

விஜிதரன் வாசலில், ஊன்றுகட்டையை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்தான்.

"என்னப்பா, இண்டைக்கும் தாண்டிப் போட்டியோ?"

அவள் தலையை ஆட்டினாள்.

அவன் அவளுடைய கையைக் கண்டான், காலைக் கண்டான். சிரிப்பு நின்றது. "இதென்ன? ஆர் செய்தது? ஏதும் பிள்ளை விழுந்ததோ?"

அவள் மறுபடி தலையை ஆட்டினாள்.

"ஓம் எண்டுறியோ, இல்லை எண்டுறியோ? வாயைத் திறந்து சொல்லன்!"

அவள் அவனுக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டு இருந்து, அவனுடைய காதைத் தன் வாயோடு இழுத்து வைத்துக்கொண்டு, காற்றாகவே சொன்னாள்:

"இல்லை. விழேல்லை. இல்லை."